பெட்டியைத் திறந்தது யார்?

செப்டம்பர் 2, திங்கள்

பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். இன்று காலை காலேஜிலிருந்து எடுத்துவந்த லாக்டோமீட்டரை அவர் கண் முன்னாலேயே பாலில் விட்டுப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. நான் சோதிக்கப்போவது அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. "மாட்டு டாக்டர் காலேஜ்ல வேல பாக்கவங்க வீட்டுக்குப் பால் ஊத்துததுக்கு வேற தொழில் பாக்கலாம்" என்று போகிற போக்கில் எபனேசரிடம் சொல்லியிருக்கிறார். என் கணவர் அதற்குச் சிரித்திருக்கிறார்.

ஆய்வகத்தில் காஜா பாய் தாமதமாகத்தான் பிளாஸ்கைக் கொண்டுவந்தார். இறைச்சிக்கூடத்தில் அறுபடும் மாடுகளின் சினைப்பைகளை வெதுவெதுப்பான உப்புநீரில் போட்டு எங்களிடம் சேர்ப்பது அவர் வேலை. அவற்றிலிருந்து சினைமுட்டைகளை ஊசியால் உறிஞ்சி எடுத்து, இன்குபேட்டரில் ஒரு நாள் முதிரவைத்து, மறுநாள் விந்தணு சேர்த்து, ஒரு வாரம் வளர்த்து, எத்தனை முட்டை தேறிய கருவாகிறது என்று பார்ப்போம். எந்த முட்டை தேறும், எது தேறாது என்று அதைச் சுற்றி ஒட்டியிருக்கும் செல்களின் மரபணுக்களைப் பார்த்தே முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. முடிந்தால் நல்ல கறவை மாட்டின் ஒரு முட்டைகூட வீணாகாது.

இன்குபேட்டரை நாங்கள் பெட்டி என்போம். இரண்டு இருக்கின்றன. பழைய பெட்டி என்னுடையது. புதுப் பெட்டியை ஜூனில் சேர்ந்த வினோதாவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பேச்சி வினோதா என்று முழுப்பெயர். அம்பாசமுத்திரத்துக்காரி. முட்டைகளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறோம். ஒரே பிளாஸ்க், ஒரே திரவம், ஒரே விந்து. கை மட்டும்தான் வேறு.

போன மாதம் இருவருக்குமே கருக்கள் குறைவு. எங்கள் ஆராய்ச்சித் தலைவர் குணசீலன் சார் வெயிலைக் காரணம் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படித் துடைத்தால் கெட்ட சேதி வரும் என்று அர்த்தம். "அடுத்த கட்டத்துக்கு ஒரு ஆளுக்குத்தான் சம்பளம் வரும் போலம்மா. நவம்பர்ல ரிவியூ. யார் கையில முட்ட நல்லா வருதோ அவங்கள வச்சுக்கிடலாம்னு இருக்கேன்" என்றார்.

நான் இங்கே ஒன்பது வருடமாகத் தற்காலிகம். வினோதா மூன்று மாதத் தற்காலிகம். அவள் தலையாட்டிவிட்டுப் புன்னகைத்தாள். அந்தப் புன்னகைக்கு என்ன அவசியம்?

செப்டம்பர் 10, செவ்வாய்

சார் அப்படிச் சொன்னதிலிருந்து முட்டைகளை அவ்வப்போது திறந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் எனக்கு இன்னும் குறைந்திருக்கிறது. வினோதாவுக்குக் குறையவில்லை.

முதலில் காஜா பாய்மீதுதான் சந்தேகப்பட்டேன். சூடு ஆறிய பிளாஸ்கைக் கொடுத்திருக்கலாம். ஆனால் ஒரே பிளாஸ்கிலிருந்து எடுத்த முட்டைகள் அவளுக்கு மட்டும் எப்படித் தேறும் என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லது.

செப்டம்பர் 16, திங்கள்

கேட்டிலேயே காத்திருந்து பிளாஸ்கைத் திறந்து தெர்மாமீட்டரை விட்டேன். சூடு சரியாக இருந்தது. "என்ன மேடம், பிளாஸ்குக்குக் காச்சலா? ரசம் சோறு குடுங்க" என்றார் காஜா பாய். வாட்ச்மேனும் சேர்ந்து சிரித்தார்.

ஆக, கோளாறு வாசலுக்கு உள்ளேதான்.

செப்டம்பர் 17, செவ்வாய்

நான் உள்ளே நுழைந்ததும் வினோதா போனைக் கட் செய்தாள். யாரென்று கேட்டேன். "அம்மா" என்றாள். அம்மாவிடம் பேசுவதை எதற்குக் கட் செய்ய வேண்டும்? ஆய்வகத்தில் போன் பேசக்கூடாது என்று நான் ஜூலையில் ஒரு தடவை சொன்னது உண்மைதான். அதை இத்தனை நாள் ஞாபகம் வைத்திருப்பாளா?

செப்டம்பர் 23, திங்கள்

இன்று ஒரு காரியம் செய்தேன். முட்டைகளை வைக்கும் ஒவ்வொரு டிஷ்ஷின் அடிப்பக்கத்திலும் மார்க்கரால் ஒரு சிறு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி சுவர்ப் பக்கம் பார்க்கும்படி பெட்டிக்குள் அடுக்கினேன். யாராவது டிஷ்ஷை எடுத்துவிட்டு வைத்தால் புள்ளி திரும்பியிருக்கும். இந்த யோசனை பஸ்ஸில் வரும்போது தோன்றியது. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

சாப்பிடப் போகும் முன் திறந்து, டிஷ்களைத் தூக்கிப் பார்த்தேன். சரியாக இருந்தன. சாப்பிட்டு வந்து பார்த்தேன். சரி. வினோதா பக்கத்து அறைக்குப் போய்வந்த பிறகு பார்த்தேன். சரி. கிளம்பும்போதும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

பெட்டிக்குள் மாட்டின் உடல் சூடும், அளந்துவிட்ட வாயுவும் இருக்கும். கதவைத் திறந்தால் இரண்டும் வெளியேறிவிடும். அதனால்தான் "தேவையில்லாமல் திறக்காதீர்கள்" என்று கதவில் ஒட்டியிருக்கிறது. என் கையெழுத்துதான். நான் திறப்பது தேவையோடு. அதுவும் ஒன்பது வருடக் கை, கண் மூடித் திறப்பதற்குள் மூடிவிடுவேன். இந்தச் சின்னப் பெண்கள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு மூக்கைச் சொறிவார்கள்.

செப்டம்பர் 25, புதன்

புள்ளி ஒன்று கொஞ்சம் திரும்பியிருந்தது!

அல்லது காலையில் நானே அப்படி வைத்தேனா? இல்லை. நான் அப்படி வைக்கிறவள் அல்ல.

அக்டோபர் 1, செவ்வாய்

என் பெட்டியில் நூறு முட்டைக்குப் பத்துகூடத் தேறவில்லை. எனக்கு இருபத்தைந்துக்குக் கீழே இறங்கிய வருடமே கிடையாது. வினோதாவுக்கு வெயில் தணிந்ததும் ஏறிவிட்டது. சார் இரண்டு எண்களையும் போர்டில் அருகருகே எழுதினார். அழிக்காமலே போய்விட்டார். நான் அழித்தேன்.

வினோதா அருகில் வந்து தணிந்த குரலில், "அக்கா, ஒண்ணு சொன்னா கோவப்படமாட்டீங்களே? உங்க பெட்டிய அடிக்கடி தெறக்கீங்களோன்னு..." என்று இழுத்தாள்.

"எனக்கே பாடம் எடுக்கியா?" என்றேன்.

"இல்லக்கா" என்று போய்விட்டாள். திருடனே போலீசிடம் வந்து கதவைச் சரியாகப் பூட்டினீர்களா என்று கேட்கிற கதைதான். நான் எத்தனை தடவை திறக்கிறேன் என்று அவள் ஏன் கவனிக்கிறாள்? நான் பார்க்காத நேரம் எது என்று தெரிந்துகொள்ளத்தானே?

இனி இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

அக்டோபர் 6, ஞாயிறு

ஆலயத்துக்குப் போகிற வழியில் ஆய்வகத்துக்குப் போய் ஒரு பார்வை பார்த்தேன். எபனேசர் ஸ்கூட்டரை அணைக்காமலே கேட்டில் நின்றார். "ஏ ஹெப்சி, ஒனக்கு மாட்டு முட்டையவிட அந்தப் புள்ள மேலதான் ஆராய்ச்சி ஓடுது" என்றார். முதல் பாட்டு முடிந்த பிறகுதான் உள்ளே நுழைந்தோம். கடைசி வரிசைதான் கிடைத்தது.

அக்டோபர் 8, செவ்வாய்

வளர்ப்புத் திரவம் ரோஸ் நிறத்துக்குப் போயிருக்கிறது. வெளிர் ஆரஞ்சாக இருக்க வேண்டியது. பெட்டிக்குள் வாயு குறைந்தால்தான் இப்படி ஆகும். ஆகவே யாரோ திறந்திருக்கிறார்கள். இனி சந்தேகமே இல்லை.

சாயங்காலம் டவுனில் ஒரு சின்னப் பூட்டும் சங்கிலியும் வாங்கினேன்.

அக்டோபர் 9, புதன்

பெட்டியின் கைப்பிடியில் பூட்டுப் போட்டேன். சார் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, நகைக்கடை லாக்கரா?" என்றார். வினோதாவும் பார்த்தாள். முகம் சிவந்தது. குற்றமுள்ள நெஞ்சு.

பூட்டைத் திறந்து பார்ப்பதற்கு முன்பைவிட நேரம் எடுக்கிறது. தொங்கும் சங்கிலி கதவைச் சாத்தப் பார்ப்பதால் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டே டிஷ்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 15, செவ்வாய்

பூட்டுப் போட்டும் குறைந்திருக்கிறது. மாற்றுச் சாவி செய்திருக்கிறாள்.

அக்டோபர் 21, திங்கள்

போன வியாழன் முதல் காய்ச்சல். தலையைத் தூக்க முடியவில்லை. புது முட்டைகள் இன்று வந்துவிடும். வேறு வழியில்லாமல் எபனேசரிடம் சாவியைக் கொடுத்து வினோதாவிடம் கொடுக்கச் சொன்னேன். அவள் என் பெட்டியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாளாம். "மெலிஞ்சு போயிருக்கு அந்தப் புள்ள. ஒன் காச்சலப் பத்தித்தான் ரெண்டு தடவ கேட்டுச்சு" என்றார். கேட்பாள். நான் எப்போது திரும்பி வருவேன் என்று தெரிய வேண்டுமே.

அக்டோபர் 29, செவ்வாய்

இன்றுதான் போனேன். நான் படுக்கையில் கிடந்த வாரத்து முட்டைகள் என் பெட்டியில் பிரமாதமாகத் தேறியிருக்கின்றன. அவள் பெட்டிக்குச் சமம். "பாத்தீங்களாக்கா, உங்க பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்று அவள் சந்தோஷமாகச் சொன்னாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் இல்லாதபோது நன்றாக வருகிறது என்றால் கோளாறு ஹெப்சிபாவின் கையில்தான் என்று சார் நினைக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த ஒரு வாரம் மட்டும் கை வைக்காமல் விட்டிருக்கிறாள். எவ்வளவு திட்டம்! அம்பாசமுத்திரத்துக்காரியைச் சாதாரணமாக நினைத்துவிட்டேன்.

தீபாவளிக்கு அவள் மத்தியானமே ஊருக்குக் கிளம்பிவிட்டாள். இந்த வாரத்து முட்டைகள் ஒரு நாள் தள்ளி, அவள் போன பிறகுதான் வந்தன. நானே வைத்தேன். விடுமுறையானாலும் நான் தினமும் வந்து பார்ப்பேன். நான் கும்பிடும் பண்டிகை இல்லையே.

நவம்பர் 6, புதன்

மறுபடியும் ஒன்றுமில்லை. ஊருக்குப் போகும் முன்பே ஏதோ செய்துவிட்டுப் போயிருக்கிறாள்.

சாரிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்: போனைக் கட் செய்தது, புள்ளி திரும்பியது, திரவம் நிறம் மாறியது, காய்ச்சல் வாரம். சொல்லச் சொல்ல ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்திவந்தது. சார் நீண்ட நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "கண்ணால பாத்தியாம்மா?" என்றார். பார்க்கவில்லை என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ரிவியூ நெருங்கும்போது அவருக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன்.

நவம்பர் 7, வியாழன்

ரிவியூ முடியும் வரை வினோதா ஆய்வகத்துக்குள் வர வேண்டாம், நூலகத்தில் இருந்து கட்டுரை எழுதட்டும் என்று சார் சொல்லிவிட்டார். அவள் மேலங்கியைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்தாள். பிறகு என்னிடம் வந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

"அக்கா, எங்கிட்ட நேரா ஒரு வார்த்த கேட்ருக்கலாம்லா?"

கேட்டால் ஒத்துக்கொள்ளவா போகிறாய் என்று மனதுக்குள் சொன்னேன். வெளியே, "சார் முடிவு" என்றேன்.

நவம்பர் 11, திங்கள்

வினோதா வேலையை விட்டுவிட்டாள். எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாளாம். குற்றமில்லாதவள் நின்று போராடியிருப்பாள்.

அறை அமைதியாக இருக்கிறது. பூட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இனி யாருக்காகப் பூட்டு? புள்ளி வைக்கவும் இல்லை. முட்டைகளை வைத்துக் கதவை மூடிவிட்டு, நாள் முழுக்க மேஜையில் உட்கார்ந்து கட்டுரை வாசித்தேன். மூன்று மாதத்தில் முதல் தடவையாக முதுகை நாற்காலியில் சாய்த்து உட்கார்ந்தேன்.

நவம்பர் 19, செவ்வாய்

முப்பதுக்கு மேல் தேறியிருக்கிறது! நான் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து மறுபடி உட்கார்ந்து எண்ணினேன். சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "நீ சொன்னது சரியாத்தான் இருக்கு. ஆளு போனதும் முட்ட வருது பாரு" என்றார்.

இதைவிடச் சாட்சி வேறென்ன வேண்டும்? வீட்டில் எபனேசரிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சந்தோசம்" என்றார். அவருக்கு எப்போதும் எதிராளிமீதுதான் இரக்கம்.

நவம்பர் 26, செவ்வாய்

ரிவியூ நன்றாக முடிந்தது. இடையில் ஏன் சரிவு என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். "ஒரு ஆளால வந்த பிரச்சின. எடுத்தாச்சு" என்று சார் சொன்னார். அந்த ஒருவர் புரிந்ததுபோலத் தலையாட்டினார். எனக்கு இன்னும் மூன்று வருடம் உறுதி.

வரும்போது கேக்குக்கு முந்திரியும் திராட்சையும் வாங்கி வந்து ஊறப்போட்டேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

சார் கட்டுரையை ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு வாரமும் முட்டை முதிர்ந்ததும் அதைச் சுற்றியிருந்த செல்களைப் பிரித்து உறைநிலையில் பத்திரப்படுத்தியிருந்தோம். அவற்றில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று இப்போது அளக்க வேண்டும். அதில் ஒன்றுக்கு ஆய்வகத்தில் அழுகுணி ஜீன் என்று பெயர். செல்லுக்குச் சூடு மாறினாலும் காற்று மாறினாலும் முதலில் கூப்பாடு போடுவது அதுதான். முட்டை துன்பப்பட்டதா என்று அதைக் கேட்டால் சொல்லிவிடும்.

எனக்கு உள்ளூர ஒரு ஆசையும் இருந்தது. வினோதா கை வைத்த வாரங்களில் அழுகுணி உச்சத்தில் இருக்கும். அந்த வரைபடத்தைச் சாரிடம் காட்டலாம்.

டிசம்பர் 12, வியாழன்

மெஷினில் ஏதோ கோளாறு.

டிசம்பர் 13, வெள்ளி

மறுபடி போட்டேன். அதேதான் வருகிறது. பிப்பெட்டைச் சந்தேகப்பட்டேன், மாற்றினேன். ரசாயனத்தைச் சந்தேகப்பட்டேன், புதுசு பிரித்தேன். கரண்டைச் சந்தேகப்பட்டேன். இன்று மூன்றாம் முறை.

வினோதா ஊரில் இருந்த தீபாவளி வாரத்தில்தான் என் முட்டைகளின் அழுகுணி எல்லாவற்றையும்விட உயரத்தில் நிற்கிறது. அந்த வாரத்து முட்டைகளை வைத்ததிலிருந்து செல்களைப் பிரித்தது வரை பெட்டியைத் தொட்டது நான் மட்டும்தான். நான் காய்ச்சலில் கிடந்தபோது அவள் பார்த்துக்கொண்ட வாரத்தில் அது சத்தமே போடவில்லை. நவம்பருக்குப் பிறகும் அப்படியே அமைதி. அவள் பெட்டியில் எந்த வாரமும் அமைதி.

பூட்டிய பிறகு இன்னும் கூடியிருக்கிறது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டிஷ்களைப் புரட்டிய நாட்கள் அவை.

சாப்பிடவில்லை. எபனேசர் கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

நேற்று வந்த முட்டைகளில் ஒரு பங்கை என் பெட்டியிலும் ஒரு பங்கைப் புதுப் பெட்டியிலும் வைத்தேன். புதுப் பெட்டியைத் தொடவே இல்லை. என் பெட்டியை முன்பு திறந்ததுபோலத் திறந்தேன். சாப்பிடப் போகும் முன், சாப்பிட்ட பின், யாரோ நடந்த சத்தம் கேட்டபோது, யாரும் நடக்காதபோது. டிஷ்ஷைத் தூக்கி அடியைப் பார்த்தேன். அங்கே இப்போது புள்ளி இல்லை. கை மட்டும் பழக்கத்தில் போனது. எத்தனை தடவை என்று எண்ணத் தொடங்கிப் பாதியில் பயந்து நிறுத்திவிட்டேன்.

இன்று அளந்தேன். என் பெட்டியின் முட்டைகள் கத்துகின்றன.

நான்தான். நான்தான் கொன்றிருக்கிறேன். காவல் காக்கிறேன் என்று வாராவாரம் கொன்றுவிட்டு, கொலைகாரியைத் தேடியிருக்கிறேன். 

டிசம்பர் 18, புதன்

சாரிடம் படத்தைக் காட்டினேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் ஒரு பார்வையிலேயே புரிந்துகொண்டார். நாற்பது வருடம் முட்டை பார்த்தவர்.

"சரிம்மா. அடிக்கடி தெறந்திருக்க. இப்பம் தெறக்கல. முட்ட வருது. பொறவு என்ன?"

"வினோதா சார்."

"அது தானாத்தான எழுதிக் குடுத்துட்டுப் போச்சு? நாம போன்னு சொன்னமா?" கண்ணாடியைத் துடைத்தார். "கமிட்டிட்ட நான் ஒரு காரணம் சொல்லியாச்சு. இப்பம் போய் அது பொய்யின்னா என் மூஞ்சிய எங்க வைக்க? ஒனக்கும் மூணு வருஷம் வந்திருக்கு. பேசாம கட்டுரைய எழுது. இந்தப் படம் வேண்டாம். மத்த ஜீன் போதும்."

நான் எழுந்தேன். அப்போதுதான் அவர் சாதாரணமாகச் சொன்னார்: "நாகர்கோயில்ல ஒரு குழந்தையின்மை ஆஸ்பத்திரில சேந்திருக்காம் அந்தப் புள்ள. அங்க டாக்டரம்மா என்கிட்ட போன்ல கேட்டாங்க. நான் தப்பா ஒண்ணும் சொல்லல. மனுச முட்ட விசயம், பெட்டிப் பக்கம் மட்டும் விடாதீங்கன்னேன்."

 அவள் கற்ற தொழிலே அந்தப் பெட்டிதான்.

டிசம்பர் 22, ஞாயிறு

கேக் நன்றாக வந்தது. பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தோம். பால்காரருக்கும் கொடுத்தேன். சந்தேகமாகப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

டிசம்பர் 25, புதன்

ஆராதனையில் மனம் நிற்கவில்லை.

ஜனவரி 3, வெள்ளி

இன்று நாகர்கோவில் போகலாம் என்று இருந்தேன். பஸ் கிடைக்கவில்லை.

எபனேசர் சிரிக்கவில்லை. "நாரோலுக்கா பஸ் இல்ல?" என்று மட்டும் கேட்டார். எல்லாம் சொல்லிவிட்டேன் அவரிடம்.  "வேல போயிரும்னு பயமா?" என்றார். ஆமாம் என்றேன். "எனக்கும் பயந்தான். வீட்டு லோன் இருக்கு. ஆனா ஒன்கூட ஒரே வீட்ல இருக்கணும்லா நான்" என்றார்.

ஜனவரி 11, சனி

போய்வந்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி கூடம் நிறையப் பெண்கள். வினோதா டோக்கன் கொடுக்கும் மேஜையில் இருந்தாள். தலையைத் தூக்காமலே, "மொதத் தடவையா? வீட்டுக்காரர் வந்திருக்காங்களா?" என்றாள். பிறகு நிமிர்ந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கை முதலில் மேஜை டிராயரை இழுத்துச் சாத்தியது.

"கொஞ்சம் பேசணும் வினோதா."

"லைன் முடியட்டும்."

நானும் அந்தப் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். ஐந்து மாதம் என் பக்கத்தில் நின்று முட்டைகளை ஊசியால் உறிஞ்சி எடுத்த விரல்கள் டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தன. அவ்வளவு சுத்தமான கை அது. அப்போதும் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் பயந்தேன்.

கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்தோம். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், "பெட்டியத் தெறந்தது நான்தான்" என்றேன். அழுகுணி ஜீன் பற்றி, தீபாவளி வாரம் பற்றி, நானே செய்து பார்த்த சோதனை பற்றி முன்னும் பின்னுமாகச் சொன்னேன். நடுவில் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. டீயைத் தொடவும் இல்லை.

நான் நிறுத்தியதும் போனை எடுத்து, ஏதோ அழுத்தி, எங்கள் இருவருக்கும் நடுவில் மேஜைமேல் வைத்தாள். திரையில் நொடிகள் ஓடத் தொடங்கின.

"தப்பா நெனைக்காதீங்க அக்கா. இப்பம்லாம் யாரு என்கிட்ட என்ன பேசினாலும் பதிஞ்சு வச்சுக்கிடுதேன். சாயங்காலம் கெளம்பும்போது என் மேஜைய, டிராயர எல்லாம் போட்டோ எடுத்துட்டுத்தான் போறேன். இங்க உள்ள பிள்ளைகள் சிரிக்காங்க. அம்மா டாக்டர்ட்ட காட்டலாம்ங்காங்க." குரலில் கோபமே இல்லை. "இப்பம் சொன்னத திரும்பச் சொல்லுதீங்களா?"

இருபத்தேழு வயதுப் பெண். செப்டம்பரில் புன்னகைத்துத் தலையாட்டியவள். என் புத்தியைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டு வந்திருக்கிறேன். முட்டைகளாவது அடுத்த வாரம் புதிதாக வரும்.

"எங்க இருந்து சொல்ல?" என்றேன்.

"பேர்ல இருந்து."

பெயரைச் சொன்னேன். காலேஜ் பெயர், வேலை, எத்தனை வருடம் என்று சொன்னேன். பக்கத்து மேஜையில் ஒரு தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். போன் சரியாகப் பதியாதோ என்று குனிந்து, இன்னும் சத்தமாகச் சொன்னேன். வாரம் வாரமாக, அழாமல், ஒன்றும் விடாமல். சாருக்குத் தெரியும் என்பதையும், அவர் டாக்டரிடம் சொன்னது தவறு என்பதையும் சொன்னேன். அவள் ஒரு இடத்தில் மட்டும், "தேதி" என்றாள். தேதியைச் சொன்னேன்.

முடிந்ததும் போனை எடுத்துச் சில நொடிகள் ஓடவிட்டுக் கேட்டாள். என் குரல் கரகரவென்று வந்தது. தலையாட்டிவிட்டுப் பைக்குள் வைத்தாள்.

"டோக்கனுக்கு ஆளு நிக்கும். போறேன்க்கா" என்று எழுந்தாள்.

அதை அவள் டாக்டரம்மாவுக்குப் போட்டுக் காட்டுவாளா, கமிட்டிக்கு அனுப்புவாளா, சும்மா வைத்துக்கொள்வாளா என்று எனக்குத் தெரியாது. கேட்க வாய் வரை வந்துவிட்டது. கேட்காமல் பஸ் ஏறினேன்.